செல்வுடா, ஆப்லெட்டா? ஜீலாங்கின் தீராத வழக்கு

கேரி ஆப்லெட் என்ற பெயரைச் சொல்லிவிட்டால் என் மைத்துனருக்கு விவாதம் முடிந்துவிட்டது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தாகிய ஃபூட்டியில், ஜீலாங் அணியின் இக்காலத்து வீரர்களுள் முதலிடம் யாருக்கு என்று கேட்பதே நேரத்தை வீணாக்கும் செயல் என்பது அவருடைய கட்சி. எனக்கோ அந்தப் பெயரில்தான் விவாதமே தொடங்குகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாங்கள் இதைப் பேசி வருகிறோம். இடையில் வீரர்கள் ஓய்வு பெற்றார்கள், எங்கள் பிள்ளைகள் வளர்ந்தார்கள், இருவரும் ஓர் அங்குலமும் நகரவில்லை.

இக்காலம் என்று நான் சொல்வது 2007-இலிருந்து தொடங்குகிறது. அதனால் 1989 இறுதிப் போட்டியில் தனியொருவராக ஒன்பது கோல்கள் அடித்தும் ஹாதோர்னிடம் ஆறு புள்ளிகளில் (ஒரு கோலுக்கு ஆறு புள்ளிகள்) தோற்ற அணியில் இருந்த, மைத்துனர் சொல்லும் ஆப்லெட்டின் தந்தையான மூத்த கேரி ஆப்லெட் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவரையும் சேர்த்துக்கொண்டால் மற்ற எவரைப் பற்றியும் பேச இடமிருக்காது. நான் விக்டோரியாவுக்குக் குடிவந்தது 2006-இல். அடுத்த ஆண்டே ஜீலாங் போர்ட் அடிலெய்டை 119 புள்ளிகள் வித்தியாசத்தில் நொறுக்கிக் கோப்பையை வென்றதால், இந்த அணி வழக்கமாக வெல்லும் அணி போலும் என்று வெகுளியாக எண்ணிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்று மாலை வேலியருகே நின்று அழுதுகொண்டிருந்தார். அதற்கு முந்தைய கோப்பை 1963-இல் வந்தது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாற்பத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு என்னவென்று அறியாமலேயே அதன் பலனை மட்டும் அனுபவித்தவன் நான். என் தீர்ப்புகளைப் படிப்பவர்கள் அதையும் கருத்தில் கொள்ளட்டும்.

இளைய ஆப்லெட்டின் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஐந்தாறு பேர் குவிந்து பந்துக்காகப் புரளும் இடத்திலிருந்து, பந்தைக் கையில் வைத்தபடி, ஒருவர் மீதும் இடிக்காமல் நிமிர்ந்து வெளியே வருவார். வரும்போதே அடுத்த ஹேண்ட்பால் (பந்தைக் கை முட்டியால் குத்திக் கடத்துவது) யாருக்கு என்பது முடிவாகியிருக்கும். தொடக்கத்தில் முன்களத்தில் விளையாடிய அவர், 2006 பருவத்தின் முடிவில் சக வீரர்கள் அவரை உட்காரவைத்து உன் திறமைக்கு ஏற்ற உழைப்பு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகே நடுக்களத்தின் அரசராக மாறினார். வீரர்கள் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த வீரர் விருதை 2007, 2008, 2009 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். 2009-இல், நடுவர்கள் வாக்களித்துப் பருவத்தின் சிறந்த வீரருக்குத் தரும் பிரவுன்லோ பதக்கமும் 30 வாக்குகளுடன் வந்தது. எதிரே நின்று அடிவாங்கியவர்கள் அளித்த தீர்ப்பு என்பதால் முதலில் சொன்ன விருதைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். அந்தக் காலத்தில் உலகிலேயே அவரைவிடச் சிறந்த ஃபூட்டி வீரர் இல்லை என்பதில் எனக்கும் மைத்துனருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

வேறுபாடு 2010-இன் முடிவில் தொடங்குகிறது. புதிதாக உருவான கோல்ட் கோஸ்ட் அணிக்கு அவர் போனார். யாரும் மறுக்க முடியாத தொகையும், ஓர் அணியையே தொடங்கிவைக்கும் தலைமைப் பொறுப்பும் வந்தபோது அவர் சென்றதை நான் குறை சொல்லவில்லை. 2013-இல் தமது இரண்டாவது பிரவுன்லோவை அங்கேதான் வென்றார். ஆனால் அந்தப் பதக்கத்தையும் அங்கே ஆடிய 110 ஆட்டங்களையும் ஜீலாங்கின் கணக்கில் வரவு வைக்க முடியாது என்பதே என் வாதம். அவர் போன மறு ஆண்டு, புதிய பயிற்சியாளர் கிறிஸ் ஸ்காட்டின் கீழ், ஜீலாங் காலிங்வுட்டை 38 புள்ளிகளில் வென்று மீண்டும் கோப்பையைத் தூக்கியது என்பதும் கவனிக்கத்தக்கது. 2018-இல் ஆப்லெட் திரும்பி வந்தார். 2020 இறுதிப் போட்டியின் தொடக்கத்திலேயே தோள் உடைந்தும் களத்துக்குத் திரும்பி, ரிச்மண்டிடம் தோற்ற அந்த ஆட்டத்தோடு விடைபெற்றார். அன்று அவர் கையைத் தொங்கவிட்டபடி ஓடியதைப் பார்த்தபோது என் வாதம் எனக்கே சற்றுச் சிறுமையாகத் தோன்றியது உண்மை. மறுநாள் காலை சரியாகிவிட்டது.

என் முதலிடம் ஜோயல் செல்வுடுக்கு. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2006 வீரர் தேர்வில் முழங்கால் காயத்தைக் கண்டு மற்ற அணிகள் தயங்கியதால் ஏழாவது இடம்வரை இறங்கி வந்து ஜீலாங்கின் கையில் விழுந்தவர். முதல் பருவத்திலேயே சிறந்த இளம் வீரர் விருதையும் கோப்பையையும் பெற்றவர். 2007, 2009, 2011, 2022 ஆகிய நான்கு வெற்றிகளிலும் களத்தில் இருந்தவர். ஆடிய 355 ஆட்டங்களும் ஒரே சட்டையில். அவற்றுள் 245 ஆட்டங்களுக்கு அணித்தலைவர் என்பது லீகின் வரலாற்றில் வேறெவருக்கும் வாய்க்காத எண்ணிக்கை. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஃபைனல்ஸ் சுற்றில் நாற்பது ஆட்டங்கள் ஆடி, ஹாதோர்னின் மைக்கேல் டக் வைத்திருந்த பழைய சாதனையையும் அவர் தாண்டினார். நெற்றியைச் சுற்றிய வெள்ளைக் கட்டு மூன்றாம் கால்பகுதிக்குள் சிவந்துவிட, அதோடு மறுபடியும் குனிந்து பந்தின் மேல் பாயும் அந்த உருவம்தான் ஜீலாங் என்றதும் என் கண்முன் வருவது.

மைத்துனரின் குற்றச்சாட்டு வேறு. "அத்தான், அவர் கையை உயர்த்தித் தோளைச் சரித்து ஃப்ரீ கிக் பிச்சை வாங்குபவர்" என்பார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எதிராளி டேக்கிள் செய்ய வரும் கணத்தில் கையை மேலே தள்ளி, அவருடைய பிடியைத் தம் கழுத்துக்கு ஏற்றிவிடும் (கழுத்தைப் பிடித்தால் பிடிபட்டவருக்கு ஃப்ரீ கிக்) வித்தையை செல்வுட் ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தார். இத்தகைய உத்திகளுக்கு இனி ஃப்ரீ கிக் இல்லை என்று 2022-இன் நடுவில் லீக் நடுவர்களுக்கு அறிவுறுத்தும் அளவுக்கு அது பரவியிருந்தது. ஆனால் வித்தையை மூடிய அதே ஆண்டில் அவர் கோப்பையை உயர்த்தினார் என்பதை மைத்துனர் வசதியாக மறந்துவிடுவார். சிட்னியை 81 புள்ளிகளில் வென்ற அந்த இறுதிப் போட்டியின் கடைசிக் கால்பகுதியில் செல்வுட் ஒரு கோல் அடித்ததும், களத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஜீலாங் வீரர்கள் அவரை நோக்கி ஓடிவந்தார்கள். சில நாள்களில் ஓய்வை அறிவித்துவிட்டார்.

ஒரு விஷயத்தை இங்கே இடைச்செருகலாகச் சொல்ல வேண்டும். செல்வுடை எடுத்த அதே 2006 தேர்வில்தான், அணியின் முன்னாள் வீரருடைய மகனை அந்த அணியே எடுக்க வழிசெய்யும் தந்தை–மகன் விதியின் கீழ், 41-ஆம் தேர்வாக டாம் ஹாக்கின்ஸும் வந்தார். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2001 தேர்வில் ஜிம்மி பார்ட்டல், ஜேம்ஸ் கெல்லி, ஸ்டீவ் ஜான்சன், இளைய ஆப்லெட் ஆகிய நால்வரும் ஒரே நாளில் கிடைத்தார்கள். இந்த விவாதத்தில் முதலிடம் பெறவேண்டியவர் களத்தில் இறங்காத ஸ்டீபன் வெல்ஸ்தான், வீரர்களைக் கண்டெடுத்தவர் அவர்தானே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மைத்துனர் அதற்கு மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்.

பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அடிலெய்டிலிருந்து சொந்த மண்ணுக்குத் திரும்பிய முதல் ஆண்டான 2016-இல் 35 வாக்குகளுடன் பிரவுன்லோ வென்றவர். மறு ஆண்டு தடை விதிக்கப்பட்டுத் தகுதி இழந்த நிலையிலும் 33 வாக்குகள் பெற்றவர். வேகத்தில் அவருக்கு இணையில்லை. அவருடைய சிறந்த ஆண்டுகளில் பாதி வேறொரு அணிக்குப் போய்விட்டன என்பதால், ஆப்லெட்டுக்குப் போட்ட அதே அளவுகோலை இவருக்கும் போட்டாக வேண்டும்.

ஹாக்கின்ஸின் கதை பொறுமையின் கதை. ஆரம்ப ஆண்டுகளில் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் அரங்கில் எழுந்த பெருமூச்சுகளில் என்னுடையதும் ஒன்று. 2009 இறுதிப் போட்டியில் அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டும் (பட்டால் கோல் ஆகாது) கோல் என்று கொடுக்கப்பட்டது; காணொளி மறுஆய்வு அன்று இல்லை; அன்றைய எதிரணியான செயின்ட் கில்டாவின் ரசிகர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. பிறகு 359 ஆட்டங்கள், 796 கோல்கள், 2020-இல் பருவத்தில் அதிகக் கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம். 2022 இறுதிப் போட்டியின் முதல் இரண்டு கோல்களும் அவருடையவை. கோல் வாசலருகே எல்லைக்கோட்டிலிருந்து எறியப்பட்ட பந்தை, எதிராளியைத் தன் பெரிய உடலால் ஒரு பக்கமாக ஒதுக்கி, காற்றிலேயே பறித்து, திரும்பாமலேயே உதைத்த அந்த இரண்டு அடிகளில் சிட்னியின் நம்பிக்கை பாதி போய்விட்டது.

இனி நான் உண்மையில் சண்டை போட விரும்பும் இடம். கோல் வாசலைக் காக்கும் ஃபுல்-பேக்கான மேத்யூ ஸ்கார்லெட்டை மூன்றாம் இடத்தில் வைக்கிறேன். ஹாக்கின்ஸுக்கும் டேஞ்சர்ஃபீல்டுக்கும் மேலே. பிரவுன்லோ வாக்கைப் போடுபவர்கள் நடுவர்கள். அவர்கள் பந்தின் பின்னாலேயே ஓடுபவர்கள். ஆகவே பந்தை அதிகம் தொடும் நடுக்கள வீரர்களே அவர்கள் நினைவில் தங்குவார்கள். ஃபுல்-பேக்கின் வேலையோ எதிரணியின் மிகச் சிறந்த கோல் வீரரைப் பந்தைத் தொடவிடாமல் வைத்திருப்பது. நடக்காமல் போன கோல்களை எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிய முடியாது. அப்படியிருந்தும் ஸ்கார்லெட் ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்டு அறிவிக்கப்படும் அகில ஆஸ்திரேலிய அணியில் ஆறு முறை இடம்பெற்றார் என்றால், பதியப்படாதவை எவ்வளவு இருந்திருக்கும்? அவர் தடுத்ததோடு நிற்பவரும் அல்லர். எதிராளியைத் தனியே விட்டுவிட்டு, பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்து ஓடி, அங்கிருந்தே ஜீலாங்கின் தாக்குதலைத் தொடங்கிவைப்பார்.

2009 இறுதிப் போட்டியின் அந்தக் கணத்தை மறுபடி பாருங்கள். கடைசிக் கால்பகுதியின் இறுதி நிமிடங்கள். கோப்பை எந்தப் பக்கமும் சாயலாம். களத்தின் நடுவே தரையில் துள்ளும் பந்து. குனிந்து எடுக்க நேரமில்லை என்று கண்ட ஸ்கார்லெட், ஓடிய வேகத்திலேயே பூட்ஸின் நுனியால் பந்தை ஒரு தட்டுத் தட்டினார். அது ஆப்லெட்டிடம் போனது. ஆப்லெட் நீளமாக முன்களத்துக்கு உதைத்தார். அங்கே பால் சாப்மன் கோலாக்கினார். ஜீலாங் 12 புள்ளிகளில் வென்றது. இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் சாப்மனுக்குப் போனது, அது நியாயமே. ஆனால் தன் இடத்தில் நிற்க வேண்டிய ஒரு ஃபுல்-பேக் களத்தின் நடுவில் அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்குள் அவருடைய மேதைமை முழுவதும் இருக்கிறது.

ஆகவே என் வரிசை: செல்வுட், ஆப்லெட், ஸ்கார்லெட், ஹாக்கின்ஸ், டேஞ்சர்ஃபீல்ட். பின்கள வீரர் கோரி என்ரைட் ஆறாவதாக வந்து வாசலில் நிற்கிறார், 332 ஆட்டங்களுடன். அவரை வெளியே நிறுத்தியதில் எனக்கே வருத்தம்.

பார்ட்டலை எங்கே என்று கேட்பீர்கள். பிரவுன்லோவும் நார்ம் ஸ்மித்தும் மூன்று கோப்பைகளும் வைத்திருக்கும் ஒருவரை ஐந்துக்குள் சேர்க்காதது அநியாயம் என்று என் மனைவி சொல்கிறார். எங்கள் இருவரையும்விட நிதானமாக ஆட்டத்தைப் பார்ப்பவர் அவர். 2009-இல் ஹாதோர்னுக்கு எதிராக ஸ்கோர் சமநிலையில் இருக்க, ஆட்டம் முடியும் சைரன் ஒலித்த பின் பார்ட்டல் உதைத்த பந்து கோல் கம்பங்களுக்கு வெளியே போய், ஒரு புள்ளி மட்டும் தரும் பிஹைண்ட் ஆனது; அந்த ஒற்றைப் புள்ளியில் ஜீலாங் வென்றது. குறி தவறியும் வெல்லத் தெரிந்தவர் என்று மனைவி அதைப் பாராட்டுகிறார். கோலைத் தவறவிட்டவரையா இந்த வீட்டில் கொண்டாடுகிறீர்கள் என்று மைத்துனர் கேட்கிறார்.