பேட்டரியைத் தின்றது செட் அல்ல

எங்கள் வீட்டுக் காருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வேலை. மற்ற நாட்களில் நான் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போய்விடுவேன். மாமாவுக்கு எங்கே போனாலும் நடைதான். அதனால் பேட்டரி இறங்க ஆரம்பித்ததும் பாளையங்கோட்டையில் கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: “ஓட்டாம போட்டு வச்சா அப்படித்தான்.”

எனக்கு அது சரியாகப் படவில்லை. நல்ல பேட்டரி ஒரு வாரம் சும்மா நின்றதற்காகச் சாகாது. இத்தனை வருஷமும் கார் இப்படித்தான் நின்றது. இப்போது மட்டும் ஞாயிறு ராத்திரி நிறுத்திவிட்டு வியாழக்கிழமை சாவியைத் திருப்பினால் டக் டக்கென்று சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. தெருப் பிள்ளைகள் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார்கள்.

பேட்டரிக் கடை அண்ணாச்சி லோடு டெஸ்டரை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, சார்ஜ் போட்டால் நிற்கும், ஆனாலும் புதுசு போட்டுவிடுவது நல்லது என்றார். ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி என்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனையில் அளந்தார். 14.2 வோல்ட். ஆக, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது.

“அப்ப பாட்டு செட்டுதான் டீச்சர் திங்கும். கழத்திருவமா?”

அவர் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியில் வாங்கி மாட்டும் செட்டுக்கு மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வரும். கடிகாரமும் ஸ்டேஷன்களும் மறக்காமல் இருக்க அது வேண்டும். சிவப்பு ஒயர் சாவி போட்டால்தான் உயிர் பெற வேண்டும். அவசரத்துக்கு இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கட்டினால் சாவியை எடுத்த பிறகும் செட் முழுசாக அணையாது.

ஆனால் நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள். அளக்காமல் ஒன்றைக் கழற்றுவதற்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை காலை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறந்தேன்.

அம்மீட்டர் தொடரிணைப்பில் வரவேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. காரில் அதைச் செய்ய நெகட்டிவ் பக்கம்தான் கைவைக்க வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றினேன். சின்னத் துளையில் விட்டால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். ஒரு கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை அதன் கேபிளிலும் மாட்டிவிட்டு, பிறகுதான் கேபிளை மெல்லத் தூக்கினேன். இப்படிச் செய்தால் இணைப்பு ஒரு நொடிகூட அறாது, காரில் உள்ள கம்ப்யூட்டர்களும் திரும்ப முதலிலிருந்து விழிக்காது. மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி இருப்பதால் டிரைவர் கதவு திறந்திருக்க வேண்டும். கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடவைத்தேன். கதவு சாத்தியிருக்கிறது என்று கார் நம்பிவிட்டது, ரூம் லைட் அணைந்தது. அப்புறம் காத்திருப்பு. நிறுத்திய உடனே எந்தக் காரும் முழுசாகத் தூங்குவதில்லை. சிலவற்றுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். அதற்குள் எண்ணைப் பார்த்துவிட்டுக் கத்தக் கூடாது. மாமா திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்து, “ஏம்மா, காப்பி குடிச்சிட்டு வந்து பாரேன், அது எங்கேயும் போவாது” என்றார்.

காப்பி முடிந்து வந்து பார்த்தால் 0.45 ஆம்பியர். தூங்கும் காருக்கு 0.05 தாண்டவே கூடாது. எங்களுடையது 35 ஆம்பியர் மணி பேட்டரி. 35-ஐ 0.45-ஆல் வகுத்தால் எழுபத்தெட்டு மணி நேரம், மூன்று நாளுக்குச் சற்று மேல். வியாழக்கிழமைக் கணக்கு சரியாக வந்துவிட்டது.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. பிடுங்கித் திரும்பச் செருகினால் தூங்கியது விழித்துக்கொள்ளும், மறுபடியும் காத்திருக்க வேண்டும். ஃபியூஸ் தலையில் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். கரண்ட் ஓடினால் அவற்றுக்கிடையே கொஞ்சம் வோல்டேஜ் விழும். தம்பியிடம் இரவல் வாங்கிய இன்னொரு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனேன். எல்லாம் பூஜ்யம் அல்லது பூஜ்யத்துக்குப் பக்கம். ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸில் மட்டும் 3 மில்லிவோல்ட்டுக்கு மேல். மூடியில் இருந்த படத்தைப் பார்த்தால் அது செட்டுக்கும் விளக்குகளுக்கும் பொதுவான ஃபியூஸ்.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னால், “நான்தான் சொன்னேம்லா” என்றார். செட்டை வெளியே இழுத்துப் பின்னால் இருந்த சாக்கெட்டைக் கழற்றினேன். மீட்டர் அசையவில்லை.

இந்த இடத்தில்தான் சந்தோஷமாக இருந்தது. 0.45-இல் காரின் சொந்தச் செலவாக ஒரு 0.03 போகட்டும். மீதி 0.42. அதை 12 வோல்ட்டால் பெருக்கினால் 5 வாட். 5 வாட் என்பது காரில் தற்செயலாக வரும் எண் அல்ல, சின்ன பல்புகளின் மேல் அச்சடித்திருக்கும் எண். எங்கேயோ ஒரு பல்பு எரிகிறது. ரூம் லைட் கண் முன்னால் அணைந்துதான் கிடக்கிறது. கையுறைப் பெட்டியில் எங்கள் காருக்கு விளக்கே கிடையாது. மிச்சம் டிக்கி.

பின்கதவைத் தூக்கிய கையோடு பல்பின் கவரைத் தொட்டேன். சுட்டது. அப்போதுதான் எரிய ஆரம்பித்த பல்பு அப்படிச் சுடாது. கவரின் வெள்ளைப் பிளாஸ்டிக் நடுவில் டீக்கறை நிறத்துக்குப் பழுத்திருந்தது.

கதவைச் சாத்திவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன். அவர் பின்னால், நான் முன்னால் மீட்டரோடு.

“அழுத்துங்க மாமா.”

0.03.

“விடுங்க.”

0.45.

“என்னம்மா, நானா கரண்ட் தின்னுதேன்?” என்று இன்னொரு தடவை தானாகவே அழுத்திப் பார்த்தார்.

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் வண்ணார்பேட்டை சிக்னலில் ஒரு ஆட்டோ பின்னால் வந்து இடித்து, பின்கதவை டிங்கரிங் பண்ணியிருந்தோம். கதவு உட்காரும் ரப்பர் திருகுகளை அந்தப் பட்டறையில் சற்று வெளியே விட்டுத் திருகியிருக்கிறார்கள். கதவு பூட்டியது, ஆனால் ஓரத்தில் இருக்கும் சுவிட்ச் முழுசாக அமுங்கவில்லை. இரண்டு ரப்பரையும் உள்ளே திருகினேன். முடிந்தது. தம்பி, எல்இடி பல்பு மாட்டிவிட்டால் கவலையே இல்லை என்றார். மாட்டவில்லை. எரியக்கூடாத விளக்கு குறைவாக எரிந்தால் போதும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

பேட்டரியை அண்ணாச்சி கடையில் ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் போடக் கொடுத்தேன். இத்தனை முறை அடிமட்டம் வரை இறங்கினால் தகடுகளில் லெட் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பழைய தெம்பு முழுசாகத் திரும்பாது. 12.6 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 12.4 காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு இது போதும். திருநெல்வேலி வெயிலில் அடுத்த மே மாதம் தாண்டுமா என்று பார்க்க வேண்டும்.

டிங்கரிங் பட்டறைக்கும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது எலக்ட்ரிக்கல் டீச்சர், நம்ம வேலை இல்லையே” என்றார்.