டிஸ்சார்ஜ் சம்மரியில் விட்டுப்போன வரி

அம்மாவுக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, இடுப்பு மூட்டில் பாதியை மாற்றி வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே எழுப்பி நிற்கவும் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. பிசியோதெரபிஸ்ட் வந்து டிஸ்சார்ஜ் சம்மரியை முன்னும் பின்னும் புரட்டினார். மருந்து, தையல் பிரிக்கும் தேதி எல்லாம் இருந்தது. அந்தக் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பது மட்டும் இல்லை. அது தெரியாமல் நடக்க வைக்க மாட்டேன் என்றார். நியாயம்தான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், நேரில் வாருங்கள் என்றார்கள். போனால், ஆபரேஷன் செய்த டாக்டர் லீவு. டியூட்டி டாக்டரோ, "சாரைக் கேக்காம நான் எழுத முடியாதுங்க" என்று கையை விரித்தார். பிறகு ஒருவழியாக அந்த சாரையே பிடித்தோம். "முழு எடையும் ஊன்றலாமே, அன்னைக்கே சொன்னேனே!" என்று அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். யாரிடம் சொன்னாரோ! அதற்குள் அம்மா படுத்தே கிடந்து, தொடை இளைத்து, குதிகால் சிவந்து, உட்கார வைத்தாலே தலைசுற்றல்.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள்: எவ்வளவு எடை ஊன்றலாம், எந்த அசைவு கூடாது, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து எத்தனை நாள். அம்மாவுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்றார்கள். தாழ்வான கமோடு இதற்குச் சரிப்படாது. உயரம் கூட்டும் சீட்டை முன்கூட்டியே மாட்டிவிடுங்கள்.

வாக்கரைக் கடையிலிருந்து வந்த உயரத்திலேயே விடாதீர்கள். கைகளைத் தொங்கவிட்டு நின்றால் கைப்பிடி மணிக்கட்டுக்கு நேராக வரவேண்டும். அம்மா கூனிக் கூனி நடந்ததை வலி என்றே நினைத்தோம், வாக்கர்தான் குட்டை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். இதை அம்மா சீக்கிரம் பிடித்துக்கொண்டார். போகாதது பயம்தான். "பிடிக்காதே, பக்கத்துல மட்டும் நில்லு" என்று அவரே சொன்னபோது எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. இப்போது பாத்ரூமுக்குத் தனியாகவே போய்வருகிறார்.

அந்தச் சம்மரியில் இன்னொன்றும் இல்லை. வயதானவர் நின்ற இடத்தில் விழுந்து இடுப்பு முறிந்தால், பெரும்பாலும் எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருக்கும். அதற்கு வைத்தியம் தனி. நாங்களாகக் கேட்ட பிறகே எலும்பு அடர்த்தி பார்த்து, வாரம் ஒரு மாத்திரை எழுதினார்கள். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அந்த அரை மணி நேரமும் அம்மா வாக்கரோடு ஹாலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.