உங்கள் பயிற்சி பார்ட் டூ ஆர்டரில் ஏறிவிட்டதா? முதலில் அதைப் பாருங்கள்

சென்ற வியாழக்கிழமை காலை இரவுப் பணி முடிந்து சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். அடிவாரம் தாண்டியதும் கைபேசியில் சிக்னல் போய்விட்டது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது ஒரு கோடு தெரிந்தது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தேர்வு முடிவுப் பக்கம் மெதுவாகத் திறந்தது. பாக்கியிருந்த ஒரே தாளிலும் தேர்ச்சி. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மீதி பதினொரு வளைவும் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "சாமி புண்ணியம். அந்தக் காகிதப் பெட்டியை இனிமேல் பரண்மேல் ஏற்றிவிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் இந்தப் பட்டம் இல்லை.

ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாகப் பதினேழு ஆண்டுகள் இருந்தேன். லக்னோவில் பயிற்சி, பிறகு எம்.ஐ. ரூம் (படைப்பிரிவின் சிறு மருத்துவ அறை), கள மருத்துவமனை, பெரிய ராணுவ மருத்துவமனை என்று மாறி மாறிப் பணி. இப்போது சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓய்வு பெற்று வந்த நண்பர்களும், இன்னும் பணியில் இருக்கும் தம்பிகளும், "பயிற்சியைப் பட்டத்தில் கழித்துக்கொள்ளலாமாமே, எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். சேர்க்கைப் படிவம், கட்டணம் எல்லாம் உங்கள் யூனிட்டின் கல்விப் பிரிவிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் படித்தது கியான் தீப் வழியாக. 2009-இல் ராணுவமும் இக்னோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த திட்டம் அது. கணக்கு எளிது. பழைய பி.ஏ. பட்டத்துக்கு மொத்தம் 96 கிரெடிட் (படிப்பை அளக்கும் அலகு). அதில் 64 கிரெடிட்டைப் பணிக்காலப் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மீதி 32 கிரெடிட்டுக்கு மூன்றாம் ஆண்டுப் பாடங்களைப் படித்துத் தேர்வு எழுத வேண்டியிருந்தது.

இதில் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. இத்தனை ஆண்டு பணியாற்றினோம், இத்தனை பேருக்குக் கட்டுப் போட்டோம், அதற்காக கிரெடிட் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை. இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 64 கிரெடிட் என்றால் 1,920 மணி நேரம். அத்தனை மணி நேரம் நீங்கள் பயிற்சி பெற்றீர்கள் என்பதற்கு ஆவணம் பேச வேண்டும். பனிமலையில் ஓர் இரவு முழுவதும் ஒரு ஜவானின் காலைக் காப்பாற்றப் பாடுபட்டது உங்கள் மனத்தில் இருக்கும். ஆவணத்தில் அதற்கு இடமில்லை. லக்னோவில் ஸ்டெரிலைசேஷன் வகுப்பில் உட்கார்ந்த மணி நேரங்களுக்குத்தான் இடம் உண்டு. எனக்கு இது முதலில் மிகவும் வலித்தது. பிறகு பழகிக்கொண்டேன்.

இப்போது நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

2013-இல் ஒரு பெரிய ராணுவ மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். வென்டிலேட்டர் நோயாளியைக் கவனிப்பது, மானிட்டர் அலைகளைப் படிப்பது எல்லாம் அங்கேதான் கற்றேன். முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். நல்ல தடித்த காகிதம். இடது கீழ் மூலையில் காசளவு பெட்டடைன் கறை. சான்றிதழை வாங்கிய அன்று நேராக வார்டுக்குப் போனதால் பட்டது. யூனிட்டுக்குத் திரும்பியபோது அங்கே இடமாற்றம் நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் கோப்புகளைப் பெட்டியில் அடுக்கி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். சான்றிதழின் நகலைக் கொடுத்தேன். "ஏற்றிவிடுகிறேன்" என்றார் கிளார்க். நம்பிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து கியான் தீப்புக்காக ஆவணங்களைச் சரிபார்த்த கல்விப் பிரிவு சுபேதார் கன்னியாகுமரிக்காரர். என் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சான்றிதழ் இருக்கட்டும் தம்பி. பார்ட் டூ ஆர்டர் எண்ணைச் சொல்."

"தெரியாது சாப்."

"அப்படியானால் நீ அந்தப் பயிற்சிக்குப் போகவே இல்லை."

கோபத்தில் சொல்லவில்லை. அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. என்னைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். விடுப்பு, திருமணம், குழந்தை பிறப்பு, பயிற்சி, தரத் தேர்வு என்று ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கும் எதுவும் யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் வெளியானால்தான் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறாத என் பயிற்சியால் மணி நேரம் குறைந்தது, கிரெடிட் நின்றது.

அடுத்த ஆண்டு விடுப்பில் ஊருக்கு வந்து, நாகலூர் வீட்டில் காப்பிக்கொட்டைச் சாக்குகளுக்குப் பின்னால் கிடந்த தகரப் பெட்டியை இழுத்தேன். நான் அனுப்பிய கடிதங்கள் முதல் ரயில் டிக்கெட் வரை அம்மா எதையும் எறிந்ததில்லை. மூன்றாம் நாள் கிடைத்தது: பயிற்சிக்குப் போக எனக்குக் கொடுத்த மூவ்மென்ட் ஆர்டரின் கார்பன் நகல். போய்ச் சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, இரண்டிலும் முத்திரை. அந்த ஒரு மஞ்சள் காகிதத்தை வைத்துத்தான் விண்ணப்பம், நினைவூட்டல், மறுபடி நினைவூட்டல் என்று நடந்தேன். பதினான்கு மாதங்கள் கழித்துப் பதிவு ஏறியது. அதற்குள் ஓய்வு நெருங்கிவிட்டது. யூனிட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் படித்திருக்க வேண்டிய பாடங்களைச் சேலத்தில் இரவுப் பணிக்கு நடுவே படிக்க வேண்டிவந்தது அதனால்தான்.

பணியில் இருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியவை:

- ஒவ்வொரு பயிற்சிக்கும் பார்ட் டூ ஆர்டர் எண், தேதி இரண்டையும் ஒரு நோட்டில் உங்கள் கையால் எழுதிவையுங்கள். கிளார்க் சொன்னால் போதாது. ஆர்டரைக் கண்ணால் பாருங்கள்.
- மூவ்மென்ட் ஆர்டர் நகலை எறியாதீர்கள்.
- சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் முத்திரை வைக்க முடியாமல் போகும்.
- தரத் தேர்வுகளுக்கும் இதே விதிதான்.
- யூனிட் இடம் மாறும் மாதத்தில் நடந்த எதையும் இரண்டு முறை சரிபாருங்கள்.
- ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போதே பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். வெளியே வந்தபின் எல்லாம் தபாலில்தான் நடக்கும்.

அடுத்தது இனிஷியல். வடநாட்டு நண்பர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, நமக்கு உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ராணுவத்தில் சேர்ந்தபோது அப்பா பெயரை விரித்துக் கடைசியில் போட்டார்கள். ஆதாரில் அதே பெயர் முன்னால் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு இந்த மூன்றும் மூன்று ஆட்கள். பிரமாணப் பத்திரம் எழுதி, அதையும் பார்ட் டூ ஆர்டரில் ஏற்றித்தான் ஒரே ஆளானேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். எதிர்த்திசையில் போனால் கஷ்டம் அதிகம்.

இனி தேர்வு. 70 சதவீதம் பருவ இறுதித் தேர்வு, 30 சதவீதம் ஒப்படைப்பு (அசைன்மென்ட்) என்பது உங்களுக்குத் தெரியும். ஒப்படைப்பைக் கொடுத்ததற்கு ரசீது வாங்கி, நகலும் எடுத்துவையுங்கள். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பொது நிர்வாகத் தாளில் நான் முதல் முறை தோற்றேன். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். பாடம் எனக்கு அவ்வளவு எளிதாக இருந்தது. ஹென்றி ஃபயோல் சொன்ன 14 கொள்கைகளில் 'ஒற்றைக் கட்டளை' வரும். ஒரு பணியாளர் ஒரே மேலதிகாரியிடமிருந்துதான் ஆணை பெற வேண்டும் என்பது. அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. பதினேழு ஆண்டு அதில்தானே வாழ்ந்தேன்! 'லைன், ஸ்டாஃப்' பாடமும் அப்படித்தான். படைப்பிரிவின் மருத்துவ அதிகாரி, "இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது" என்று ஆலோசனை சொல்வார். குடிக்காதே என்ற ஆணை கமாண்டிங் ஆபீசரிடமிருந்துதான் வரும். ஆலோசனை சொல்பவர் ஸ்டாஃப், ஆணையிடுபவர் லைன். இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூலில் கிடைக்கும்?

அதனால் விடைத்தாள் முழுவதும் என் அனுபவத்தையே எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதினேன். திருத்துகிறவர் தேடிய சொற்கள் அதில் இல்லை. அடுத்த முறை முறையை மாற்றினேன். முதல் பத்தியில் பாடநூலின் வரையறை, இரண்டாவதில் யார் சொன்னது, மூன்றாவதில் அதன் அம்சங்கள், கடைசியில் நான்கே வரியில் என் உதாரணம். லூதர் குலிக் 1937-இல் தந்த 'போஸ்ட்கார்ப்' (POSDCORB) என்ற சொல்லை, அதாவது நிர்வாகத்தின் ஏழு பணிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த சொல்லை, எழுத்து எழுத்தாக விரித்து எழுதினேன். தேறினேன். நம்மைப் போல வேலையிலிருந்து படிப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். அனுபவத்தைக் கடைசிப் பத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியும் ஒரு சுவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு பாசறை இந்தி. தேர்வோ ஆங்கிலத்தில். நான் செய்தது ஒன்றுதான்: காலை நான்கு மணிக்கு எழுந்து பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கேள்விக்கு முழு விடையைக் கையால் எழுதுவது. படிப்பது கிடையாது, எழுதுவது மட்டும். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிக் கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் வாரம் கட்டைவிரல் அடியில் அப்படி வலித்தது. இரவில் படிப்பவர்களுக்கு என் முறை ஒத்துவராது. ஆனாலும் எழுதாமல் தேர்வுக்குப் போகாதீர்கள் என்பதை மட்டும் மாற்றிச் சொல்ல மாட்டேன். காலை பத்து மணித் தேர்வுக்கு மலையிலிருந்து இறங்குகிறவர்கள் முதல் பஸ்ஸையே பிடியுங்கள். டிசம்பரில் பனிமூட்டம் இருந்தால் இருபது வளைவுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று டிரைவரே சொல்ல மாட்டார்.

இரண்டு விஷயங்களில் ஏமாந்துவிடாதீர்கள்.

ஒன்று, இது பி.ஏ. பட்டம். மருத்துவப் பயிற்சிக்கு கிரெடிட் கிடைத்தது என்பதால் இது நர்சிங் பட்டம் ஆகிவிடாது. இதை வைத்துத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது. அதற்கு ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்சிங் படிக்கத்தான் வேண்டும். எனக்கு இந்தப் பட்டம் தேவைப்பட்டது மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை படிக்க. உங்கள் தேவை என்ன என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பதினைந்து ஆண்டுப் பணிக்குக் கிடைக்கும் 'பட்டத்துக்கு இணை' சான்றிதழ். பத்தாம் வகுப்பும் பதினைந்து ஆண்டுப் பணியும் இருந்தால், பட்டம் கேட்கும் மத்திய அரசு குரூப் சி பதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 1986-இல் வந்த ஆணை அது. வேலைக்கான தகுதிச் சலுகை மட்டுமே. அதைப் பட்டம் என்று நம்பி ஒரு முதுகலைச் சேர்க்கைக்குப் போய், வரிசையில் என் முறை வந்தபோது காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என் பிள்ளை வயதுக்காரர்கள். அன்று பஸ் நிலையம் வரை நடந்தே வந்தேன்.

அக்னிவீரர்களுக்கு வழி வேறு. 2022 ஜூனில் அறிவித்த இக்னோவின் மூன்றாண்டுப் பட்டத்தில் பாதி கிரெடிட் பணிக்காலத் திறன் பயிற்சிக்கு, மீதிப் பாதி மொழி, பொருளாதாரம், வரலாறு போன்ற பாடங்களுக்கு. முதல் ஆண்டோடு நின்றால் சான்றிதழ், இரண்டாம் ஆண்டோடு நின்றால் டிப்ளமோ. நான்கு ஆண்டுதான் பணி என்பதால் நான் செலவழித்த பதினான்கு மாதம் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கிரெடிட்டைச் சேர்த்துவைக்க 2021-இல் வந்த கல்விசார் கிரெடிட் வங்கியில் கணக்குத் தொடங்கிவிடுங்கள். அதில் சேரும் கிரெடிட்டுக்குப் பொதுவாக ஏழு ஆண்டுதான் ஆயுள் என்பதையும் மறக்காதீர்கள்.

வாழவந்தியிலிருந்து ஒரு பையன் நர்சிங் அசிஸ்டென்ட் தேர்வில் தேறி லக்னோ போகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் அப்பாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவனுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். "இதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் அண்ணா" என்றான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஆதார் மையத்தின் வாசலில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். பணி முடிந்து நேராக அங்கேதான் போகிறேன்.