மூன்றாவது இடத்தில் க்ளையன்ட்

சிஐஎஸ்எஸ்பி என்ற கணினிப் பாதுகாப்புத் தேர்வுக்குப் படித்தபோது, அதை நடத்தும் ஐஎஸ்சி2 அமைப்பின் நன்னெறி விதிகள் எனக்குச் சும்மா கிடைக்கும் மதிப்பெண்ணாகத்தான் தெரிந்தன. மொத்தமே நான்கு. முதலில் சமூகமும் பொதுநலனும். அப்புறம் நேர்மையாக, சட்டப்படி நடப்பது. மூன்றாவதாகத்தான் நம்மை வேலைக்கு வைத்தவருக்கு ஒழுங்காக உழைப்பது. கடைசியில் தொழிலின் பெயரைக் காப்பது. இவை ஒன்றோடொன்று மோதினால் இதே வரிசையில் முடிவெடுக்க வேண்டும். மனப்பாடம் செய்து, எழுதித் தேறி, மறந்தும் போனேன்.

ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் இணையதளத்தில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கப் போனபோதுதான் அந்த வரிசை மறுபடி நினைவுக்கு வந்தது. நோயாளி தன் ரிப்போர்ட்டைத் திறந்தால் மேலே முகவரியில் ஓர் எண் தெரியும். கடைசி இலக்கத்தை மாற்றினால் அடுத்தவருடைய ரிப்போர்ட் வரும். உள்ளே வந்தவர் லாகின் செய்தவரா என்று சர்வர் பார்த்தது. கேட்கும் ரிப்போர்ட் அவருடையதுதானா என்று பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் ஐடார் என்போம். அரதப் பழசான ஓட்டை.

இதை நிரூபிக்க நோயாளிகளின் ரிப்போர்ட் ஒன்றைக்கூடத் திறக்கத் தேவையில்லை. இரண்டு டெஸ்ட் கணக்குகள் வாங்கி, ஒன்றிலிருந்து மற்றதைத் திறந்து காட்டினால் போதும். கூட வந்த புதுப் பையன், "ஒரு ஐம்பது எடுத்துப் போட்டா வெயிட்டா இருக்கும்ணா" என்றான். அந்த ஐம்பதில் யாருடைய எச்ஐவி முடிவு இருக்குமோ! அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சோதனையில் கைக்குக் கிடைத்த சம்பளப் பட்டியல் ஒன்றைக் கடைசி வரி வரை உருட்டிப் பார்த்தவன் நான். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆபீஸ் ஆட்களை அதற்கப்புறம் நேராகப் பார்த்துப் பேச முடியவில்லை.

சரி, இந்த ஓட்டையை வேறு யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்று பார்க்க லாக், அதாவது யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்ற சர்வர் பதிவைக் கேட்டேன். ஒரே ஐபி முகவரியிலிருந்து, நள்ளிரவு தாண்டி, எண்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக இரண்டு நொடி. மனிதக் கை அப்படித் தட்டாது, தானாக ஓடும் ஸ்கிரிப்ட்தான்.

அவர்களுடைய ஐடி தலைவர் நிதானமானவர். "ஓட்டையை எழுதுங்க சார், இன்னிக்கே அடைச்சிடறோம். லாக் உங்க ஸ்கோப்லயே இல்லையே, அதை விட்டுடுங்க." என் மேனேஜரும் போனில் அதையேதான் சொன்னார். "பணம் குடுக்கறது அவங்கப்பா."

ஸ்கோப், அதாவது எங்களுக்குக் கொடுத்த வேலையின் எல்லை, அந்த விஷயத்தில் ஐடி தலைவர் சொன்னது காகிதப்படி சரிதான். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி, தகவல் கசிவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் அதனிடம் தெரிவித்தாக வேண்டும். கடமை அவர்களுடையது. நானோ ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன், நேராக வெளியே போய்ச் சொல்ல முடியாது.

அப்போது ஊபர் வழக்கு நினைவுக்கு வந்தது. 2016இல் 5.7 கோடிப் பேரின் தகவல் களவு போனது. திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, அதை பக் பவுண்டி, அதாவது ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குத் தரும் பரிசு என்று கணக்கில் எழுதினார்கள். பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன் அதற்கு முன் அரசு வழக்கறிஞராகவே இருந்தவர். 2022இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது, அடுத்த வருடம் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. களவு கொடுத்ததற்காக அல்ல, மறைத்ததற்காக.

லாக் வரிகளையும் நேரத்தையும் போட்டு ஐடி தலைவருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் மெயில் அனுப்பினேன். அந்தப் பகுதி இல்லாத ரிப்போர்ட்டில் என் பெயர் இருக்காது என்று மேனேஜரிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அதைக் கடைசிப் பக்கத்தில் 'கூடுதல் கவனிப்புகள்' என்று ஒதுக்கி வைத்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். இது பாதி சமரசம்தான், மறுக்கவில்லை. அடுத்த வருட ஆடிட் வேறு கம்பெனிக்குப் போனது.

பின்னொரு நாள் அந்த மெயிலை எடுத்துப் பார்த்தேன். லாக்கைப் பார்த்தது காலை 11.20. மெயில் போனது மாலை 4.50. அந்த 6 மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தை நாங்கள் மூன்று பேரும் பேசியே தீர்த்திருந்தோம்.