முட்டையிட்டது யார்?

1979இல் வெளியான ‘ஏலியன்’ படத்தின் வேற்றுக்கோள் உயிரி இன்றும் என்னை அச்சுறுத்துவதற்கு, எச். ஆர். கீகரின் வடிவமைப்பைப் போலவே, அந்த உடைக்குள் நின்ற போலாஜி படேஜோவின் அசாதாரண உயரமும் ஒல்லியான உடலும் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். 1992இல் வந்த இத்தொடரின் மூன்றாம் படத்தில், உயிரிக்காகக் கழிகளால் இயக்கிய பொம்மையைத் தனியே படம்பிடித்துக் காட்சியோடு இணைத்தபோது அசைவில் வேகம் கூடியது. ஆனால் சுற்றியிருந்த ஒளியோடு அது பொருந்தவில்லை. அதை முழுக்கக் கணினி வரைகலை என்று குறை சொல்வது, அப்பொம்மையை உருவாக்கிய கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி.

இவ்வுயிரி எப்படிப் பிறக்கிறது என்பதில் படங்களுக்கிடையே உள்ள கதைத் தொடர்ச்சி பற்றிய சர்ச்சை இதைவிடச் சிக்கலானது. முதல் படத்திலிருந்து நீக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் இயக்குநர் பதிப்பில் சேர்க்கப்பட்ட காட்சியில், உயிரியிடம் பிடிபட்ட மனிதரே மெல்ல முட்டையாக மாறுகிறார்; 1986இல் வந்த இரண்டாம் படத்தில் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனோ முட்டையிடும் அரசி உயிரியைக் கொண்டுவந்தார். அரசி இல்லாத இடத்தில் உயிரி வேறு வழியைத் தேடிக்கொள்ளும் என்று இரண்டையும் இணைப்பவர்கள் உண்டு. அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 2017இல் வந்த படம், ஒரு செயற்கை மனிதனே இவ்வுயிரியை உருவாக்கியதாகக் காட்டியபோது, முதல் படத்தில் இவ்வுயிரிக்கு எப்போதோ பலியாகிக் கல்லாய் உறைந்து கிடந்த விண்கலமோட்டியின் பழமைக்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் பக்கமே நான் நிற்கிறேன்.