எங்கள் அப்பா ஒரு போலந்துக் குடும்பப் பெயர்

போலந்துக்கு வேலைக்கு வரும் தமிழர்களுக்கு வந்த கையோடு ஒரு குடும்பப் பெயர் கிடைத்துவிடும். யாரும் கேட்டு வாங்குவதில்லை, தானாக ஒட்டிக்கொள்ளும். ஊரில் நமக்கு இருப்பது ஒரு பெயர், அதற்கு முன்னால் ஓர் இனிஷியல். இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் இரண்டு கட்டங்கள்: இமியே, நஸ்விஸ்கோ. முதலாவதில் பெயர், இரண்டாவதில் குடும்பப் பெயர். இரண்டாவதைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. இதற்குப் பயந்துதான் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டு வைத்திருக்கிறோம். அதன் பலன், மதுரையை விட்டு அதிகம் நகராத என் அப்பா, வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் என் குடியிருப்பு அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் தபால்காரர் விட்டுப்போகும் சீட்டிலும் நானாகவே ஆகிவிட்டார்.

அவருடைய உண்மையான பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் கொஞ்சம் கழித்து வரும். இப்போதைக்கு முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு இன்னும் சிக்கலானது. என் குடும்பப் பெயர் என் அப்பா. மனைவியின் குடும்பப் பெயர் அவள் அப்பா. மதுரையில் பிறந்த மகனுக்குக் குடும்பப் பெயர் நான். ஒரு வீடு, மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்கள். குடியிருப்பு அனுமதிக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் மூன்று பாஸ்போர்ட்டையும் வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, பையன் யாருடைய பிள்ளை என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், இரண்டுக்கும் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் முத்திரை குத்திக் கொடுத்த போலிஷ் பிரதி என்று எல்லாவற்றையும் நீட்டினோம். தலையாட்டினார். புரிந்துதான் ஆட்டினாரா என்பது வேறு விஷயம்.

ஒட்டிக்கொண்ட பெயரும் சும்மா இருப்பதில்லை. போலிஷில் ஏழு வேற்றுமைகள். நாம் முருகனை, முருகனுக்கு, முருகனோடு என்பதுபோல அவர்களும் பெயரின் வாலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முருகனுடைய என்பதற்கு முருகனா, முருகனுக்கு என்பதற்கு முருகனோவி, முருகனோடு என்பதற்கு முருகனெம். வந்திருக்கும் பதிவுத் தபால் எனக்கானது என்பதைத் தபால் நிலையப் பெண்மணி ‘பானா முருகனா’, அதாவது திரு முருகனுடையது, என்று சொல்லித்தான் உறுதிப்படுத்துவார். பெண்களுக்கு விதி வேறு. மெய்யெழுத்தில் முடியும் குடும்பப் பெயர் ஒரு பெண்ணுடையதாக இருந்தால் எந்த உருபும் ஏற்காது, அப்படியே நிற்கும். ஆகவே என் பெயர் வளையும், மனைவியின் பெயர் வளையாது. எங்கள் இருவரையும் அறிந்தவர்கள் இதைப் பொருத்தம் என்பார்கள்.

‘ஸ்கி’ என்று முடியும் பெயர்களில் கதை இன்னொரு மாதிரி. கோவால்ஸ்கியின் மனைவி கோவால்ஸ்கா, இருவரையும் சேர்த்துச் சொன்னால் கோவால்ஸ்த்சி. அரசு வெளியிடும் குடும்பப் பெயர்ப் பட்டியலில்கூட ஆண், பெண் எண்ணிக்கை தனித்தனியாகத்தான் இருக்கிறது. மேரி கியூரி என்று நாம் படித்தவரை இங்கே ஸ்க்வோதோவ்ஸ்கா-கியூரி என்று முழுசாகச் சொன்னால்தான் விடுவார்கள். ஸ்க்வோதி என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் அது. அமெரிக்காவுக்குக் குடிபோன குடும்பங்களில் இந்த ஆண்-பெண் வேறுபாடு உதிர்ந்து, பெண்களும் கோவால்ஸ்கி ஆகிவிட்டார்கள்.

அப்புறம் ஒன்று, புதிதாக வருபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. குடும்பப் பெயர் படிவத்துக்குத்தான். நேரில் ஒருவரை ‘பான் நோவாக்’, அதாவது திரு நோவாக், என்று விளித்தால் மேலதிகாரி அதட்டுகிற மாதிரி இருக்கும். பழகியவரைப் பான், பெண்ணாக இருந்தால் பானி, சேர்த்து முதல் பெயரால் கூப்பிடுவதுதான் மரியாதை.

நோவாக் என்றதும் அதைச் சொல்லிவிட வேண்டும். போலந்தில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் இதுதான், சுமார் 2 லட்சம் பேர். ‘நோவி’ என்றால் புதிய. ஊருக்குப் புதிதாக வந்து குடியேறியவனை ஊர்க்காரர்கள் நோவாக் என்றார்கள், அது அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. மூன்று நூற்றாண்டாக அதே கிராமத்தில் உழுதுகொண்டிருந்தாலும் பதிவேட்டில் இன்னும் ‘புதுசா வந்தவர்’. குடியுரிமை அலுவலக வரிசையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

இந்தப் பெயர்கள் எப்போது இறுகின என்று பார்த்தால், நாம் நினைப்பதைவிடச் சமீபத்தில். ஷ்லாக்தா எனப்படும் பிரபுக்கள்தான் முதலில், தங்கள் கிராமத்தின் பெயரோடு ஸ்கி சேர்த்துக்கொண்டார்கள். தர்னூஃப் நகரத்தை உடையவர் தர்னோவ்ஸ்கி. குடியானவர்களுக்கு அந்த அவசியம் இல்லை. யானின் மகன், கொல்லனின் பையன், ஆற்றோரத்துக்காரன் என்று ஊர் எப்படிக் கூப்பிட்டதோ அதுதான் பெயர். 1563-இல் முடிந்த திரெந்து கத்தோலிக்கச் சங்கம் கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் பங்குக் கோயில்களில் எழுதிவைக்கச் சொன்னது. அப்படி எழுதியபோதும் ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ஒரு பெயரிலும் இன்னொரு பக்கத்தில் வேறு பெயரிலும் வருவது 18-ஆம் நூற்றாண்டுவரை சாதாரணம். 1772 தொடங்கி 1795-க்குள் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் நாட்டைப் பங்குபோட்டுக்கொண்ட பிறகுதான் கிடுக்கி விழுந்தது. வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கவும் அரசுக்கு மாறாத பெயர் தேவைப்பட்டது. ஆஸ்திரியா தன் யூதக் குடிமக்களுக்கு நிலையான குடும்பப் பெயரை 1787-இல் கட்டாயமாக்கியது. வார்சாவில் 1808-இல் நெப்போலியனின் சட்டம் அமலுக்கு வந்து, பிறப்பும் இறப்பும் அரசுப் பதிவாயின.

அப்போது எது வாயில் இருந்ததோ அது உறைந்தது. பியோத்ர் என்பவரின் பிள்ளை பியெத்ஷாக், கொல்லனான கோவாலின் பையன் கோவால்சிக், யானின் வழியில் வந்தவர் யானோவிச். அடுத்த தலைமுறையில் அப்பா யானாக இல்லாமல் ஸ்தெஃபானாக இருந்தாலும் பிள்ளை யானோவிச்தான். அதற்கு முன்னால் அவர்களும் நம்மைப்போலத்தான் இருந்திருக்கிறார்கள், தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாற்றிக்கொண்டு.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது மூன்றாம் மாடிப் பானியால். ஓய்வுபெற்ற ஆசிரியை, என் போலிஷைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் திருத்துபவர். அவருடைய குடும்பப் பெயர் ரொம்ப அரிது. அதையும் இங்கே சொல்லமாட்டேன். நோவாக் என்று சொன்னால் 2 லட்சம் பேருக்குள் மறைந்துகொள்ளலாம். அவர் பெயரைச் சொன்னால் அழைப்புமணி நம்பரைச் சொன்ன மாதிரி. என் அப்பா பெயரை மறைத்ததற்கும் இதுவே காரணம். மதுரையில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர், இந்த நாட்டில் எங்கள் வீட்டு விலாசம்.

பானியின் பெயர் ‘இஷின்’ என்று முடியும் என்பதுவரை சொல்லலாம், அந்த வகையில் நிறையப் பெயர்கள் உண்டு. உக்ரேனிய வழி வந்த விகுதி அது. ரோமன் என்பவனின் மனைவியை ஊர் ரோமனிகா என்று கூப்பிடும். அவள் பிள்ளை ரோமனிஷின். அதாவது அப்பா பெயரில் தொடங்கினாலும் பிள்ளை அம்மாவைக் கொண்டுதான் அறியப்பட்டிருக்கிறான். ஏதோ ஒரு தலைமுறையில் அந்த வீட்டை ஊர் ஒரு பெண்ணை வைத்து அடையாளம் சொல்லியிருக்கிறது. இதைச் சொன்னபோது பானி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். வம்சப் பெருமை பேசியே வாழ்ந்த தன் அப்பாவுக்கு இது தெரியாமல் போனதே நல்லது என்றார்.

எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்கக் காஸிமியெஷ் ரிமுட் என்ற கிராக்கோவ் அறிஞரின் அகராதி இருக்கிறது. ஆளுக்கொரு 11 இலக்க எண் தரும் பெசெல் என்னும் மக்கள்பதிவில் 1990-இல் இருந்த குடும்பப் பெயர்களை எடுத்து, 10 தொகுதிகளாக 1992 முதல் 1994 வரை வெளியிட்டார்கள். விளக்கம் எதுவும் கிடையாது. பெயர், அதன் பக்கத்தில் மொத்த எண்ணிக்கை, பிறகு அப்போதிருந்த 49 மாகாணங்களில் எங்கே எத்தனை பேர் என்று சுருக்கெழுத்தில். பெயர்களின் பொருளைச் சொல்ல அவரே பிறகு தனியாக இன்னோர் அகராதி செய்தார். அரிய பெயர் ஒன்று ஒரே மாகாணத்தில் கொத்தாக இருந்தால் அதன் சொந்த ஊர் அங்கேதான் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

பானியின் பெயரில் இந்தக் கணக்கு பலிக்கவில்லை. இருந்த கொஞ்சம் பேரும் வ்ரோத்ஸ்வாஃப், ஓபோலே, லெக்னித்சா என்று மேற்கில் சிதறிக் கிடந்தார்கள். பெயரோ கிழக்கில் பிறந்தது. விடை அவர் வீட்டுச் சுவரிலேயே இருந்தது: அவர் பெற்றோர் பிறந்த கிராமத்தின் புகைப்படம், லிவிவ் பக்கம், இன்று உக்ரைன். இரண்டாம் உலகப் போர் முடிந்து எல்லைக்கோட்டை மேற்கே நகர்த்தியபோது அங்கிருந்த போலந்துக்காரர்களைச் சரக்கு ரயில்களில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்கு முன்பு இந்த ஊரின் பெயர் பிரெஸ்லாவ். 6 லட்சத்துக்கு மேல் மக்கள், கிட்டத்தட்ட எல்லோரும் ஜெர்மானியர்கள். அவர்களை வெளியேற்றிவிட்டு, காலியான வீடுகளில் இவர்களைக் குடியேற்றினார்கள். எங்கள் கட்டடத்தின் பின்சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் பழைய ஜெர்மன் கடை எழுத்து இன்னும் பாதி தெரியும். ஜெர்மன் வாடை அடிக்கும் குடும்பப் பெயர்களை மாற்றிக்கொள்ள வழிசெய்து 1945 நவம்பரில் ஓர் ஆணையும் வந்தது. ஆகவே இந்த ஊரில் பெயர்களின் வரைபடம் காட்டுவது பூர்வீகத்தை இல்லை, ரயில் நின்ற இடங்களை. பழைய வ்ரோத்ஸ்வாஃப்வாசி என்று பெருமை பேசுபவர்களுக்கும் தாத்தா காலம்தான் கணக்கு. ஊரே நோவாக்.

பெயர் தன் ஊரைவிட்டுப் போய் வேறெங்கோ செழித்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மோச்சிகெம்பா. ‘மோச்சி’ என்றால் நனைக்கிறான், ‘கெம்பா’ என்றால் வாய், அதுவும் கொச்சையாகச் சொல்லும் வாய். வாயை நனைப்பவன், பச்சையாகச் சொன்னால் குடிகாரன். இன்றும் போலிஷில் அந்த அர்த்தத்திலேயே புழங்குகிறது. வினையையும் பெயரையும் ஒட்டிச் செய்த இந்த மாதிரிப் பட்டப்பெயர்கள் இன்னும் உண்டு. ‘ஸ்கோச்சிலாஸ்’ என்பதில் குதித்தல் என்ற வினையும் காடும் சேர்ந்திருக்கின்றன. மோச்சிகெம்பா என்ற பெயரோடு 1824-இல் சிலேசியாவில் ப்வுஷ்னித்சா கிராமத்தில் பிறந்த லியோபோல்த், பாதிரியார் ஆகி 1852-இல் டெக்சஸ் போனார். ஊருக்கு விடாமல் கடிதம் எழுதி, நிலம் இருக்கிறது வாருங்கள் என்றார். சொந்தத் தம்பிகள் உட்படக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று அங்கே பன்னா மரியா என்ற ஊர் உருவானது. அமெரிக்காவில் போலந்துக்காரர்கள் நிறுவிய முதல் நிரந்தரக் குடியிருப்பு அது. அந்தப் பக்கத்தில் இன்றும் மோச்சிகெம்பா என்ற பெயர் பரவலாக இருக்கிறது. போலந்தில் தேடிப்பிடிக்க வேண்டும். பெயருக்குள் இருக்கும் கிண்டல் அங்கே யாருக்கும் கேட்பதில்லை. கௌரவமான குடும்பப் பெயர், அவ்வளவுதான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மகள் இங்கே பிறந்தாள். மருத்துவமனை பிறப்பு அட்டை எழுதிய 21 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். நம் வழக்கப்படி அவளுக்கு இனிஷியல் என் பெயர், அண்ணனுக்கு இருப்பதுபோல. பதிவு அலுவலகத்தில் இருந்தவர் என் அட்டையைப் பார்த்து, அப்பாவின் குடும்பப் பெயர் முருகன், ஆகவே குழந்தையும் முருகன் என்று தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார். முருகன் நான் இல்லை, என் அப்பா என்றேன். அதேதான், உங்கள் அப்பாவிடமிருந்து உங்களுக்கு, உங்களிடமிருந்து இவளுக்கு என்றார். அவர் வழியில் தவறே இல்லை. நம் நாட்டு வழக்கத்தைக் காட்டி வேறு மாதிரி கேட்டிருக்க முடியுமோ என்னவோ. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். மூன்று குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டு பட்ட பாடு போதும், ஒன்றாவது இரண்டு பேருக்குப் பொதுவாக இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். கையெழுத்துப் போட்டோம்.

ஆக, அண்ணனுக்குக் குடும்பப் பெயர் அப்பா, தங்கைக்குக் குடும்பப் பெயர் தாத்தா. கோயில் புத்தகத்தில் யானோவிச்சை உறையவைத்த வேலையை என் கண்முன்னால் ஒரு மேசைக் கணினி செய்து முடித்துவிட்டது. மூன்றாம் மாடிப் பானி இன்னும் ஒரு படி மேலே போனார். அந்தக் காலத்தில் கல்யாணமாகாத மகளுக்கு அப்பாவின் குடும்பப் பெயரோடு ‘உவ்னா’ சேர்ப்பார்கள். எழுந்து உட்காரக்கூடத் தெரியாத குழந்தையை அவர் கூப்பிடுவது பன்னா முருகனுவ்னா, அதாவது செல்வி முருகனுவ்னா.

அன்று இரவு அப்பாவுக்கு வீடியோ காலில் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்போ இவளோட தம்பி பொறந்தா?”

“அவனும் முருகன்தான்ப்பா.”

“அவன் பிள்ளை?”

“அவனும்.”

“எத்தனை தலைமுறைக்குடா?”

“இங்கேயே இருந்தா, முடிவே கிடையாது.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல” என்றார். பிறகு பிறப்புச் சான்றிதழைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, ஸ்பெல்லிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.