பாக்கி மூன்று தார்

அப்பாவின் தலைத்திவசம் மார்கழிக் கடைசியில் முடிந்தது. அதுவரை மலையேறக் கூடாது என்று அம்மா தடுத்து வைத்திருந்தார். தை பிறந்த மறுநாள் அவரே அப்பாவின் கணக்கு நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"பழனிக்கு உங்கள் அப்பா தர வேண்டியது மூன்று வாழைத்தார் நிற்கிறது. போய்க் கொடுத்துவிட்டு வா."

சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்கடியில் 'முருகன் துணை'. உரக்கடை, ஆள் கூலி, ஜீப் வாடகை என்று ஓடும் பக்கங்களுக்கு நடுவே, வட்டிக்குக் கொடுத்தவரின் பக்கத்தை ஒட்டி ஒரு தலைப்பு: 'பழனியாண்டவர்'. வெட்டுகிற இருபத்தைந்து தாருக்கு ஒரு தார் முருகனுக்கு. அப்பா பக்திமானா என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன். விபூதி பூசுவதுகூட அம்மா முறைத்தால்தான். ஆனால் கணக்கு வைத்திருந்தார்.

எங்கள் தோட்டம் பாச்சலூர் பக்கம். காப்பிக்கும் மிளகுக்கும் இடையில் மலைவாழை. விருப்பாச்சி ரகம். விருப்பாச்சி என்கிற ஊர் கீழே, ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் வழியில் இருக்கிறது. வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால் நாயக்கர் ஆண்ட பாளையம். "வெயில் காய்கிற ஊருக்குப் பெயர், குளிரில் நிற்கிற நமக்கு வேலை" என்பார் அப்பா. இந்தப் பழத்தில் நீர் குறைவு. பிசைந்தால் ஓடாது. பஞ்சாமிர்தத்தில் சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை, அடுப்பில் ஏற்றுவதுமில்லை. பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், கூடக் கொஞ்சம் கற்கண்டும் பேரீச்சையும். அப்படியும் அது நாள்பட நிற்கிறது என்றால் பாதிப் பெருமை எங்கள் வாழைக்குத்தான் என்று அடித்துச் சொல்வார். 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி, அதே நோட்டில் மடித்து வைத்திருக்கிறார்.

நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஆறாவது படித்த வருஷத்துப் பக்கம். அந்த வருஷம் தோட்டத்தில் முடிக்கொத்து நோய். இலைகள் குறுகிச் சிறுத்து, உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும். அந்த மரம் தார் தள்ளாது. அசுவினிப் பூச்சி அடுத்த மரத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதால் கிழங்கோடு தோண்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. அப்பா தோண்டிய சத்தம் பள்ளிக்கூடம் போகும் பாதை வரை கேட்டது. அந்தப் பக்கத்தில் 'வெட்டு – இல்லை' என்று எழுதியிருக்கிறார். வெட்டே இல்லாத வருஷத்தில் முருகனுக்குப் பங்கு ஏது? அவரோ முந்தின வருஷத்து அளவைப் போட்டு 'பாக்கி 11' என்று எழுதி, அடுத்த மூன்று வருஷங்களில் அடைத்திருக்கிறார். அதை எதற்குக் கடனாக எடுத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்தத் தார்களை அவர் கோயிலில் கொடுத்ததில்லை. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு விருப்பாச்சி தாண்டிச் சாலையோரத்தில் நின்று கொடுப்பார். அவருக்கு அதுதான் பழனி.

பூசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தம்பி ஜீப்பை எடுத்தான். மூன்று தார்களையும் ஒன்றாகத்தான் புகைமூட்டம் போட்டிருந்தான். இரண்டு பழுத்துவிட்டன. மூன்றாவது கல்லாக இருந்தது. காயை எப்படிக் கொடுப்பது? அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, வடகாடு வழியாக இருட்டிலேயே இறங்கினோம். என் மகனுக்கு ஒன்பது வயது. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

விடியும்போது சாலையோரம் முழுக்கப் பச்சை வேட்டிகள். காரைக்குடிப் பக்கத்து ஆட்கள், மதுரைப் பக்கத்து ஆட்கள், கொப்புளத்துக்குத் துணி சுற்றிய கால்கள். சீப்புச் சீப்பாக அறுத்து நீட்டினோம். ஒரு பாட்டி இரண்டு வாங்கி, ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை முந்தானையில் முடிந்துகொண்டார். பின்னால் வருகிற மருமகளுக்காம். ஓர் இளைஞர் காசு எடுத்தார். என் மகன் பெரிய மனிதனைப் போல, "வேண்டாம் அண்ணா, இது கணக்கில் இருக்கிறது" என்றான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. 'அரோகரா' என்று சொல்லிவிட்டு நடந்தார். எண்ணிக்கொண்டே வந்த பையன் நூற்றைம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டான்.

பழனியில் கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை, பூச காலம். செல்போன்களைக் கீழே ஒப்படைத்துவிட்டுப் படியேறினோம். அப்பா விஞ்சில் ஏறியதில்லை. 2004-இல் ரோப் கார் வந்தபோது, "கயிற்றில் தொங்கிப் போக நான் என்ன மூட்டையா?" என்று கேட்டவர். எழுபது வயதிலும் படிதான். ஆனால் பாதி வழியில் இடும்பன் சந்நிதியில் உட்கார்ந்துவிடுவார். மேலே முருகன் முன்னால் நின்றதைவிட இங்கே உட்கார்ந்த நேரம்தான் அதிகம். "சுமந்தது இவன். பேர் வாங்கியது மேலே நிற்கிறவன்" என்பார், குரலைத் தாழ்த்தாமலே.

பாதை போடும் முன்பு தோளில் தார் சுமந்தவர் அப்பா. பிறகு மட்டக்குதிரை வந்தது, அதன்பின் ஜீப். தோளில் காய்த்தது மட்டும் போகவில்லை. வலது தோளில், கழுத்து இறங்கும் இடத்தில், எலுமிச்சை அளவுக்குத் தடித்து, அழுத்தினால் ரப்பர் போல இருக்கும். என் மகன் அதைத் 'தாத்தாவின் திமில்' என்பான். கதை கேட்கும்போதெல்லாம் அவன் கை அங்கேதான் இருக்கும். கடைசி நாட்களில் உடம்பெல்லாம் வற்றியபோது அது மட்டும் வற்றவில்லை.

இடும்பன் இரண்டு மலைகளைக் காவடி கட்டித் தூக்கிவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் கேட்டானா என்று தெரியவில்லை. திடீரென்று, "அப்படியென்றால் இவருக்கும் திமில் இருக்குமா அம்மா?" என்றான். பக்கத்தில் நின்ற காவடிக்காரர் சிரித்துவிட்டுத் தன் தோளைத் தடவிக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தம்பி படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேலே வரிசை நகர்ந்து சந்நிதிக்குப் போனபோது சாயரட்சை. ராஜ அலங்காரம். எல்லாரும் அதைப் பார்க்கத்தான் காத்துக் கிடக்கிறார்கள். அப்பா மட்டும் விடியற்காலை ஆண்டிக் கோலத்துக்குப் போவார். "கிரீடத்தோடு நின்றால் கூச்சமாக இருக்கிறது கண்ணு. கோவணத்தோடு நின்றால் நம் ஆள்." நான் கிரீடத்தைப் பார்க்காமல் தண்டத்தைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டேன். அரை நிமிஷம்கூட இல்லை, நகரச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வர நள்ளிரவாகிவிட்டது. அம்மா பஞ்சாமிர்தத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "பழம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார், அப்பா சொல்வது போலவே. நோட்டைப் பேரனிடம் கொடுத்து எழுதச் சொன்னார். 'கொடுத்தது 2, பாக்கி 1.' பென்சிலால் எழுதினான். அம்மா பேனாவால் எழுதச் சொன்னார்.

காலையில் தம்பி தோட்டத்தில் வெட்டிப்போட்ட தார்களை எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தைந்தாவதில் நிறுத்திவிட்டு, திரும்பி என் மகனைப் பார்த்தான். அவன் நோட்டை எடுக்க உள்ளே ஓடினான்.